வறட்சிக்குக் கவுண்டி எல்லை தெரியாது

அமெரிக்க வேளாண்மைத் துறை 2002-03இல் கால்நடை வளர்ப்போருக்கு வறட்சி நிவாரணம் வழங்கியது. விதி விரைவிலேயே தளர்ந்தது. பேரிடர் அறிவிக்கப்பட்ட கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவில், மாடு வைத்திருந்தால் போதும். எந்தப் பேரிடர் என்று கேட்பாரில்லை. கொலம்பியா விண்கலத்தின் சிதறல்கள் விழுந்த கிழக்கு டெக்சாஸிலும் பணம் பட்டுவாடா ஆனது. வறட்சி மிதமாக இருந்த அல்லது அறவே இல்லாத பகுதிகளுக்கு மட்டும் 63.5 கோடி டாலர் போனதாக 2006இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது.

அடுத்த பத்தாண்டில் நேர்மாறான நிலை. 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் மழையில் நனைந்த மாடுகள்மீது பனிப்புயல் வீசியது. குளிர்கால ரோமம் வளராத நிலையில், கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே அவை ஆயிரக்கணக்கில் மடிந்தன. இறப்புக்கு இழப்பீடு தரும் திட்டம் 2011இலேயே காலாவதியாகியிருந்தது. அரசின் நிதி முடக்கத்தால் அலுவலகங்களும் மூடியிருந்தன.

2014 வேளாண் சட்டம் இரண்டு குறைகளையும் சரிசெய்ய முயன்றது. இழப்பீட்டுத் திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் பொருத்தியது. வறட்சியைப் பொறுத்தவரை, வாரந்தோறும் வெளியாகும் வறட்சிக் கண்காணிப்பு வரைபடமே தகுதியை முடிவுசெய்யும். ‘கடும் வறட்சி’ தொடர்ந்து எட்டு வாரம் நீடித்தால் ஒரு மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு கிடைத்தது. வறட்சி முற்றினால் மாதங்கள் கூடும். 2025 திருத்தம் எட்டு வாரத்தை நான்காகக் குறைத்தது.

இந்த ஏற்பாட்டின் பலம் வெளிப்படை. உதவி கிடைக்க இனி நாடாளுமன்றத்தின் கருணைக்கோ அறிவிப்புக்கோ காத்திருக்க வேண்டாம். மாட்டுத் தலைகளை மட்டும் எண்ணாமல், மேய்ச்சல் நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்பதையும் கணக்கிட்டு, இரண்டில் குறைந்த தொகையே தரப்படுகிறது. அளவுக்கு மீறி மாடு சேர்த்தவருக்கு அதனால் கூடுதல் லாபம் இல்லை.

பலவீனம் அளவுகோலில் இருக்கிறது. வரைபடத்தில் கவுண்டியின் ஏதோ ஒரு மூலையில் கடும் வறட்சிக்கான நிறம் விழுந்தாலும் முழுக் கவுண்டியும் தகுதி பெறும். மேற்கு மாநிலங்களில் ஒரு கவுண்டியே பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும். மழை பெற்ற பண்ணைக்கும் பணம் வரும். எல்லைக் கோட்டுக்கு அப்பால் புல் கருகிய பண்ணைக்கு வராமலும் போகலாம். தீவனம் வாங்கியதற்கு ரசீது காட்ட வேண்டியதில்லை. ஆனால் புயலில் மாடு இழந்தவர் வழக்கமான இறப்பு விகிதத்துக்கு மேற்பட்ட இழப்பை ஆவணத்தோடு நிறுவ வேண்டும். அப்போதும் சந்தை மதிப்பில் 75 விழுக்காடுதான். ஒரே துறை ஒருவரிடம் கறாராகவும் இன்னொருவரிடம் தாராளமாகவும் நடந்துகொள்கிறது.

வறட்சியில் மாடுகளை விற்று மந்தையைக் குறைப்பதே நிலத்துக்கு நல்லது. அப்படி முந்தைய ஆண்டுகளில் விற்றவற்றுக்கு 80 விழுக்காடு விகிதமே கிடைக்கிறது. வைத்திருப்பவருக்கு முழு விகிதம். மண்ணைக் காத்தவருக்கு இது தண்டனை.

தானாக இயங்கும் இந்த ஏற்பாட்டைக் கைவிடக் கூடாது. 2013 மீண்டும் வரக் கூடாது. ஆனால் தொகையை நிர்ணயிக்கும் அலகாகக் கவுண்டி தொடரத் தேவையில்லை. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் காட்டும் காலத்தில், பண்ணை அளவில் இழப்பைக் கணிப்பது இயலக்கூடியதே. விரைவை வரைபடத்திடமும் நியாயத்தை நிலத்திடமும் ஒப்படைப்பதே சரி.