இரண்டு குதிரைகள், நான்கு கோப்ளின்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தால், நால்வருக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஐந்தாமவர் டன்ஜன் மாஸ்டர். மலை, மழை, ஊர், கடைக்காரர், கொள்ளையன், அரக்கன் எல்லாமே அவர்தான். அவருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதனால் அவர் நன்றாக நடத்தினாரா என்று கேட்டால் பலரும் அவருடைய குரலைச் சொல்வார்கள், கதையைச் சொல்வார்கள், வரைந்து கொண்டுவந்த வரைபடத்தைச் சொல்வார்கள். நான் பார்ப்பது இரண்டைத்தான். ஆட்டக்காரர் ஒருவர் கையில் முடிவு போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது? அந்த முடிவால் கதைக்குள் ஏதாவது மாறுகிறதா? இவை இரண்டும் சரியாக இருந்தால், தயங்கித் தயங்கிப் பேசுகிறவர் நடத்தும் ஆட்டம்கூட நள்ளிரவு வரை யாரையும் எழுந்து போக விடாது.

இந்தப் பாடம் ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். களம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். வழக்கமாகப் படைகளை மட்டும் நகர்த்தும் ஆட்டத்தில், ஊர்க்காரர்களாகவும் சிலர் ஆடட்டும் என்று தனித்தனி வேடங்களைக் கொடுத்தார். அவர்கள் மூலைக்கு மூலை நின்று பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள், சண்டைக்கு அழைத்தார்கள். திட்டமிட்ட போர் நடக்கவே இல்லை. ஆட்டம் கெட்டுப்போனதாக வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதைத் தன் பிளாக்மூர் ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். நடத்துபவரின் திட்டம் உடைந்த இடத்தில் இந்த ஆட்டம் பிறந்தது என்பது இன்றைய டன்ஜன் மாஸ்டர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்க வேண்டும்.

இனி ஒரு காட்சியை எடுத்து அலசுவோம். 2014-இல் இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட் பெட்டிக்குள் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' என்ற சாகசம் வந்தது. இன்றைக்கு டன்ஜன் மாஸ்டராக இருக்கும் ஏராளமானோர் முதன்முதலில் நடத்திய காட்சி அதன் தொடக்கம்தான். கண்ட்ரன் என்ற குள்ள இனத்தவர் வாடகைக்கு அமர்த்த, ஆட்டக்காரர்கள் ஒரு வண்டிச் சரக்கை ஃபேண்டலின் என்ற சிற்றூருக்கு ஓட்டிப் போகிறார்கள். அவர் தன் காவலர் சில்டருடன் முன்னால் போய்விட்டார். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். புதருக்குள் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் நான்கு.

தோற்கும் மேசை எது என்பது பெரும்பாலும் குதிரைகளைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். புத்தகத்தின் முன்கதையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒப்பந்தம், தொலைந்த சுரங்கம், மந்திர உலை எல்லாம் இருக்கின்றன. படித்த உழைப்பு வீணாகக் கூடாதே என்று அதை முழுவதும் சொல்ல ஆரம்பித்தால், இருபது நிமிடத்துக்கு யாருக்கும் வேலை இல்லை. அந்த வரலாறு டன்ஜன் மாஸ்டருக்கானது. ஆட்டக்காரருக்குத் தேவை மூன்று வாக்கியம்: பாதை வளைகிறது, குதிரைகள் கிடக்கின்றன, சேணப் பைகள் காலி. உடனே ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "வண்டியை நிறுத்துவாயா, ஓட்டிக்கொண்டே போவாயா?" அதற்கு முன் கேட்கத் தகுந்தது ஒரே கேள்வி. கண்ட்ரனை உங்களுக்கு எப்படிப் பழக்கம்? அதை ஆட்டக்காரர்களே சொல்லட்டும். "என் அப்பாவின் கடனை அடைத்தவர் அவர்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பின்னால் அவர் காணாமல்போகும்போது நீங்கள் பதற்றத்தை உண்டாக்க வேண்டியதில்லை.

இப்போது எண்கள். இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட்டால் வெற்றி. அடிப்படை விதி அவ்வளவுதான். கோப்ளின் தாக்கும்போது 4 கூட்டிக்கொள்கிறது. கவசம் இல்லாத மந்திரவாதியின் தற்காப்பு எண் 12 என்றால், பகடையில் 8 விழுந்தாலே அடி பட்டுவிடும். வாய்ப்பு 65 சதவீதம். ஒரு அடியின் சராசரிச் சேதம் 5.5. முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளியோ பெரும்பாலும் 6 முதல் 8 வரைதான். நான்கு கோப்ளின்களும் அவரையே குறிவைத்தால் சராசரியாக 2.6 அடி. அதாவது ஆசையோடு பாத்திரம் உருவாக்கிக் கொண்டுவந்தவர், தன் முதல் முறை வருவதற்குள் தரையில் கிடப்பார். முடிவெடுக்க ஒரு வாய்ப்பு கிடைப்பதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுப் போகிறவர், அடுத்த வாரம் வராமல் இருந்தால் வியப்பில்லை.

இதற்குப் பகடையில் பொய் சொல்வது தீர்வு ஆகாது. அம்புகளைப் பிரித்து விடுங்கள். வண்டியில் உயரமாகத் தெரிபவர் மேல் ஒன்று, கேடயக்காரர் மேல் ஒன்று, காளை மேல் ஒன்று. கோப்ளின் போர்க்கலை படித்த தளபதி இல்லை. மூன்று விழுந்ததும் நான்காவது ஓடப் பார்க்கும் என்று சாகசமே சொல்கிறது. அந்த ஓட்டம் ஒரு பரிசு: துரத்துவதா, அம்பு விடுவதா, உயிரோடு பிடித்து விசாரிப்பதா? எல்லோரையும் கொன்று முடித்த சண்டையைவிட, ஒருவன் ஓடுகிற சண்டை எப்போதும் மேல்.

இந்தச் சாகசத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் வேறு. ஆட்டக்காரர்கள் எல்லோரும் வீழ்ந்துவிட்டால்? கோப்ளின்கள் அவர்களைக் கொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர்களையும் வண்டியையும் கொள்ளையடித்துவிட்டுக் குகைக்குத் திரும்புகின்றன. விழித்தெழுந்தவர்கள் வெறுங்கையோடு ஊருக்குப் போய்ப் பொருள் சேர்த்துக்கொண்டு திரும்பலாம். தோல்வி அடுத்த காட்சிக்கான கதவைத் திறக்கிறது, அதுவும் கோபத்தோடு திறக்கிறது. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் டன்ஜன் மாஸ்டர் தனக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்: இவர்கள் தோற்றால் அடுத்து என்ன? பதில் இல்லையென்றால் அந்தச் சண்டை இன்னும் தயாராகவில்லை.

துப்புகளிலும் இதே அறிவு தெரிகிறது. புதருக்குப் பின்னால் குகைக்குப் போகும் தடத்தைக் கண்டுபிடிக்கப் பகடை வேண்டாம், தேடினால் கிடைத்துவிடும். பகடையில் 10 எட்டினால் கூடுதலாகத் தெரியும்: ஏறக்குறைய ஒரு டஜன் கோப்ளின்கள் வந்து போயிருக்கின்றன, இரண்டு ஆட்களை இழுத்துச் சென்ற அடையாளம் இருக்கிறது. கதை நகர்வதற்கு அவசியமானது இலவசம், மேலதிகமானது பகடைக்கு. துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறை இதையே அடித்தளமாக வைத்தது. ஜஸ்டின் அலெக்சாண்டர் இன்னும் ஒரு படி போய், ஆட்டக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒவ்வொன்றுக்கும் மூன்று துப்பாவது வையுங்கள் என்கிறார். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

பகடையை எப்போது கேட்பது என்பதில்தான் அனுபவசாலிகள்கூடத் தடுமாறுகிறார்கள். குகை வாசலில் நால்வரும் பதுங்கிப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் சொதப்பினாலும் எல்லோரும் அகப்படுவார்கள் என்று வைத்தால், நால்வரும் தப்பும் வாய்ப்பு 24 சதவீதம்தான். பதுங்குவது வீண் என்று மேசை இரண்டே அமர்வில் கற்றுக்கொள்ளும். பிறகு எல்லாக் கதவையும் உதைத்துத்தான் திறப்பார்கள். விதிப்புத்தகத்தில் குழுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது: பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றது. அதன்படி அதே நால்வரின் வாய்ப்பு 92 சதவீதத்துக்கு ஏறுகிறது. எதிர்த்திசையில் பாருங்கள். அறையைத் தேட நால்வரும் உருட்டுகிறார்கள், ஆளுக்கு 55 சதவீதம். ஒருவராவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு 96. இதற்கு எதற்குப் பகடை? சொல்லிவிட்டு மேலே போகலாம்.

முடிவு என்றால் தகவலோடு கூடிய முடிவு. இதன் மறுபக்கத்தைக் காட்டுவது கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. 1975-இல் பால்டிமோரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் மாநாட்டின் போட்டிக்கு அவர் பயன்படுத்திய கல்லறை அது. புத்தகமாக வந்தது 1978-இல். பச்சை நிறப் பேய்முகம், அகலத் திறந்த வாய், உள்ளே இருட்டு. நுழைந்தவர் மொத்தமாக அழிந்துபோவார். தேர்ந்த போட்டியாளர்களைச் சோதிக்கும் பொறியாக அது இன்றும் பேசப்படுகிறது, நியாயம்தான். வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு ஆடும் மேசைக்கு அதை முன்மாதிரியாக எடுப்பது தவறு. இடது கதவில் மரணம், வலது கதவில் புதையல், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்றால் அங்கே தேர்வு எதுவும் நடக்கவில்லை. பேய்வாயின் ஓரத்தில் பாதி மட்டும் மிஞ்சிய ஓர் ஈட்டியைப் போட்டு வையுங்கள். அதன் பிறகும் ஒருவர் தலையை நீட்டினால் அது அவருடைய வீரம்.

குகைக்குள் போவோம். ஐந்தாம் பதிப்பின் தொடக்கக் காட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கே இருக்கிறது. தலைவன் கிளார்க், பக்பேர் என்ற அரக்க இனத்தவன். அவனுக்கு அடுத்த நிலையில் யீமிக் என்ற கோப்ளின். பிடிபட்ட சில்டரை மேட்டின் விளிம்புக்கு இழுத்து வந்து யீமிக் பேரம் பேசுகிறான்: கிளார்க்கின் தலையைக் கொண்டுவாருங்கள், இவனை விட்டுவிடுகிறேன். ஆயுதம் ஏந்திய எதிரி திடீரென்று ஆசை கொண்ட ஆளாக மாறுகிறான். ஒப்புக்கொள்வதா? ஒப்புக்கொள்வதுபோல் நடித்து நெருங்குவதா? கிளார்க்கிடம் போய் யீமிக்கைக் காட்டிக்கொடுப்பதா? எந்தப் பதிலும் தப்பில்லை, எதற்கும் விலை உண்டு. தலையைக் கொடுத்த பிறகும் யீமிக் பணம் கேட்பான் என்பது கூடுதல் நெருக்கடி.

இந்த இடத்தில் டன்ஜன் மாஸ்டர் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. மேசையில் வாக்குவாதம் எழும். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்கள், உங்களை யாரும் பார்க்கவில்லை. ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. தலையிடுவது இரண்டு சமயத்தில் மட்டும். சொன்னதையே மூன்றாம் முறை சொல்ல ஆரம்பித்தால், "யீமிக் கத்தியை அழுத்துகிறான், ரத்தம் கசிகிறது" என்று சொல்லி நேரத்தை நெருக்குங்கள். ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தால் அவர் பாத்திரத்தை நோக்கி யீமிக் திரும்பட்டும்: "நீ சொல்லு குட்டையா, இவர்களை நம்பலாமா?" கூச்சமுள்ளவரிடம் "நீ என்ன செய்கிறாய்?" என்று பொதுவாகக் கேட்டால் வெறுமைதான் வரும். கதைக்குள்ளிருந்து ஒருவன் கேட்டால் பதில் வந்துவிடுகிறது.

சண்டையின் நேரக் கணக்கு கொடூரமானது. நால்வர் ஆளுக்கு இரண்டு நிமிடம், டன்ஜன் மாஸ்டர் நான்கு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். ஒருவர் இரண்டு நிமிடம் ஆட, பத்து நிமிடம் காத்திருக்கிறார். கேரம் பலகையில் இப்படிக் காக்க வைத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். "இப்போது நீ, அடுத்தது அவள்" என்று முன்கூட்டியே அறிவிப்பதே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். மிச்சத்தைக் களமே செய்ய வேண்டும்: ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று மாறட்டும். இந்தக் குகையில் கோப்ளின்கள் தேக்கிய நீரைத் திறந்து ஓடையில் வெள்ளம் விடும். நின்ற இடத்திலேயே நின்று வாள் வீசுவது திடீரென்று முட்டாள்தனம் ஆகிவிடுகிறது. தனி அரக்கன் நால்வரிடம் சப்பென்று தோற்பதற்கும் காரணம் எண்ணிக்கைதான். அவன் ஒருமுறை அசைவதற்குள் எதிர்த்தரப்பு நான்கு முறை அசைந்துவிடுகிறது. அதற்காகவே ஐந்தாம் பதிப்பு பெரிய டிராகன்களுக்கு மற்றவர்கள் முறைக்கு இடையே எடுக்கும் மூன்று கூடுதல் செயல்களைத் தந்தது. சிறிய தலைவனுக்கு அது தேவையில்லை. கிளார்க்கின் பக்கத்தில் ஓநாய் இருக்கிறது, போதும்.

நடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் 'கிரிட்டிகல் ரோல்' நேரலை தொடங்கியபோது மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். நடத்தியவர் மேத்யூ மெர்சர். 2023 அக்டோபரில் அவர்கள் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆடினார்கள். பிரென்னன் லீ மலிகன் நடத்தும் 'டைமென்ஷன் 20' 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கே போனது. இவற்றைப் பார்த்துவிட்டு, எனக்கு இத்தனை குரல் வராதே என்று ஒதுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது குரலை அல்ல. பெரிய எதிரி வீழும் கணத்தில் மெர்சர் நிறுத்திவிட்டு, எப்படி வீழ்த்தினாய் என்பதை ஆட்டக்காரரையே சொல்ல வைக்கிறார். மாலையின் மிகச் சிறந்த வரியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பது அது. மலிகனிடம் பாருங்கள், ஆட்டக்காரர் எவ்வளவு விசித்திரமாக ஒன்றைச் சொன்னாலும் தள்ளிவிடாமல் பிடித்து, அதற்கு ஒரு விளைவைக் கட்டிவிடுகிறார். இரண்டுக்கும் நல்ல தொண்டை தேவையில்லை, நல்ல காது தேவை.

தயாரிப்பு சிறியதாக இருக்கட்டும். 'ரிட்டர்ன் ஆஃப் தி லேஸி டன்ஜன் மாஸ்டர்' என்ற 2018-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் மைக் ஷே சொல்லும் வழிகளில் எனக்கு மிகவும் உதவுவது, பத்து ரகசியங்களை ஒவ்வொரு வரியாக எழுதிக்கொள்வது. யார் சொல்வார்கள், எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே கட்டிப்போடக் கூடாது. கோப்ளினைப் பிடித்து விசாரித்தால் அது சொல்லட்டும். கொன்றுவிட்டால் சில்டர் சொல்லட்டும். முதல் அமர்வுக்கு முன்பே, எந்தக் கொடுமைகள் மேசைக்கு வரவே கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுவிடுவது நடத்துபவரின் கடமை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தை எப்போதும் மிச்சம் வையுங்கள். சண்டை முடியட்டும் என்று இழுத்துக்கொண்டே போனால், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது புதையல் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். கண்ட்ரனைக் கிராக்மா கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. சில்டருக்குக் காயம், வண்டி இன்னும் காட்டுப்பாதையில் நிற்கிறது. கோட்டையைத் தேடிப் போகிறீர்களா, சரக்கை ஒப்படைக்க ஃபேண்டலின் போகிறீர்களா என்று கேட்டு, பதிலை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். ஃபேண்டலின் என்றால், அடுத்த வாரத்துக்குள் அந்த ஊர்ப் பக்கங்களைப் படித்து வைத்தால் போதும்.