ஷ்மிட் என்னும் பாத்திரம்: டெய்லரின் மேலாண்மை நூலில் ஒரு கதை

மேலாண்மைக் கொள்கை கூறும் நூல்களை இலக்கியத் திறனாய்வாளர் பெரும்பாலும் தொடுவதில்லை. அவை பொறியியலார்க்கும் பொருளியலார்க்கும் உரியன என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும், திருக்குறட் பொருட்பாலை மேலைநாட்டு மேலாண்மைக் கொள்கைகளோடு ஒப்பிடும் கட்டுரைகள் தமிழில் பலவாக எழுதப்பெறும் இந்நாளில், ஒப்பிடும் இரண்டனுள் ஒன்றை மூலத்தோடும் உரையோடும் கற்று, மற்றொன்றைச் சுருக்கக் குறிப்புகளின் வழியே அறிந்து அமைதல் முறையாகாது. எனவே, பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-இல் வெளியிட்ட 'அறிவியல்முறை மேலாண்மையின் கொள்கைகள்' என்னும் நூலை, அதனுள் நிற்கும் ஒரு கதையின் வாயிலாக ஈண்டு ஆராய்வோம்.

கதை வருமாறு: அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லகேம் எஃகு ஆலையில், ஏறத்தாழ 75 பேர் கொண்ட குழு இரும்புப் பாளங்களைச் சரக்கு வண்டிகளில் ஏற்றிவந்தது. பாளம் ஒன்றின் நிறை சுமார் 92 பவுண்டு. ஆள் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 12½ டன் ஏற்றினார். சுமக்கும் நேரத்தையும் ஓயும் நேரத்தையும் முறைப்படுத்தினால் 47 டன்னுக்கு மேலும் ஏற்றலாம் என்பது டெய்லரின் கணக்கு. அதனை மெய்ப்பிக்கத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு அவர் இட்ட பெயர் ஷ்மிட். நாட்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. மாலை ஐந்தரை மணிக்குள் ஷ்மிட் 47½ டன் ஏற்றிமுடித்தார். கூலி ஏறத்தாழ 60 விழுக்காடு கூடிற்று. வேலையோ நான்கு மடங்கை நெருங்கிற்று.

நூலின் ஏனைய பகுதிகளை மறந்தாரும் இதனை மறப்பதில்லை. அதற்குக் காரணம் இதன்கண் அமைந்த உரையாடலே. நீ உயர்ந்த கூலிக்குரிய ஆள்தானா என்று ஷ்மிட்டை வினவும் மேலாளர், அவ்வொரு தொடரையே திரும்பத் திரும்பக் கூறி அவரை மடக்குகின்றார். ஷ்மிட்டின் மறுமொழிகள் செருமானிய ஒலிப்பால் திரிந்த ஆங்கிலமாக, ஒலிக்கேற்ற எழுத்திலேயே அச்சிடப்பெற்றுள்ளன. மேலாளர் பேச்சு திருந்திய வழக்கில் உள்ளது. தலைவனுக்குச் செந்தமிழும் ஏவலாளுக்குக் கொச்சையும் வகுத்தளித்த நாடகங்களைக் கற்றார்க்கு இவ்வுத்தியின் பயன் எளிதில் விளங்கும். பொருளைக் கேட்குமுன்னரே ஆளை அளந்துவிடுகின்றோம். முடிவில் ஷ்மிட்டுக்கு இடப்பெறும் கட்டளை, மேற்பார்ப்பவர் எடுக்கச் சொன்னால் எடுக்கவேண்டும், நடக்கச் சொன்னால் நடக்கவேண்டும், அமரச் சொன்னால் அமரவேண்டும், எதிர்மொழி கூறலாகாது என்பது. இது கடும்பேச்சாகத் தோன்றும் என்பதை டெய்லரே ஒப்புகின்றார். ஆனால் மந்த அறிவினர்க்கு இதுவே தக்கது என்கின்றார். இவ்வேலைக்கு ஏற்றவர் மனவியல்பால் எருதை ஒத்தவர் என்றும் பிறிதோரிடத்து எழுதுகின்றார்.

ஈண்டுத்தான் நூல் தன்னோடு தானே முரண்படுகின்றது. ஷ்மிட்டை அறிமுகம் செய்யும் பகுதியை மீண்டும் நோக்குவோம். நாள் முழுதும் பாளம் சுமந்த பின்னரும் ஏறக்குறைய ஒரு மைல் தொலைவைச் சிற்றோட்டமாகவே கடந்து வீடு சேர்பவர் அவர். சிறுநிலம் ஒன்றை வாங்கி, காலையில் வேலைக்கு முன்னும் மாலையில் வேலைக்குப் பின்னும் தம் வீட்டுச் சுவரைத் தாமே எழுப்பிவருபவர். காசின் அருமையை மிக உணர்ந்தவர். இவை யாவும் டெய்லர் தரும் செய்திகளே. வீடு கட்டுதற்கு அளவு வேண்டும்; வேலையை முன்பின்னாக வகுத்தல் வேண்டும்; உள்ள உடல்வலிமையை நாள் முழுமைக்கும் பங்கிடும் கணக்கும் வேண்டும். குறைந்த கூலியில் மிச்சம் பிடித்து இத்தனையும் செய்யும் ஒருவர், பாளம் சுமக்கும்போது எப்பொழுது அமர்ந்து இளைப்பாறுவது என்பதைத் தாமே அறியமாட்டார் என்றால் அதனை எங்ஙனம் ஏற்பது? சிந்தித்தல் மேலாண்மைக்கும் செய்தல் தொழிலாளிக்கும் உரியன எனப் பகுக்கும் கொள்கை, சிந்திக்கமாட்டாத தொழிலாளி ஒருவரை வேண்டி நிற்கின்றது. கண்ட ஆள் அதற்கு இசையாதபோது, உரையாடல் அவரை அவ்வாறு ஆக்கிக் காட்டுகின்றது. எருது வீடு கட்டுவதில்லை.

புறச்சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. சார்லஸ் ரெகி, பெரோனி என்னும் ஆய்வாளர் இருவர் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில், 1899-ஆம் ஆண்டுச் சோதனை பற்றிய பதிவுகளோடு டெய்லரின் கதை பல இடங்களில் பொருந்தாமையைக் காட்டினர். ஷ்மிட் எனப்பட்டவர் ஹென்றி நோல் என்னும் தொழிலாளி.

டெய்லரோடு சேர்த்து எண்ணப்பெறும் ஏனை இருவர் இவ்வகைக் கதையை நாடவில்லை. பிரான்சு நாட்டுச் சுரங்க நிறுவனமொன்றை நெடுங்காலம் நடத்திய ஆன்றி ஃபயோல், 1916-இல் வெளிவந்த தம் நூலில், ஒருவர்க்கு ஒரு மேலாளரே கட்டளையிடல் வேண்டும் என்று வற்புறுத்தி, டெய்லரின் பல மேற்பார்வையாளர் முறையை மறுத்தார். அவர் நூலில் கீழலுவலர் இருவர் தம்முள் நேரே தொடர்புகொள்ளும் வழியை விளக்குமிடத்து, அவர்கள் வெறும் எழுத்துகளாகவே வருகின்றனர். மாக்ஸ் வேபர் மறைந்தபின் 1922-இல் வெளிவந்த 'பொருளியலும் சமுதாயமும்' என்னும் பெருநூலின் அலுவலர் ஆட்சிமுறை பற்றிய இயலில் எழுத்துகளாகவும் ஆள் இல்லை. பதவி, படிநிலை, கோப்பு, விதி, சம்பளம், பயிற்சி என்பனவே உள்ளன. ஆள் நோக்காது விதிநோக்கி நடத்தலே அவ்வாட்சிமுறையின் இலக்கணம் என்று அவர் காண்பதால், இவ்வின்மை அவர் பொருளுக்கு இயைந்ததே. கற்பித்த ஆளைக் காட்டி அவர் வாயில் சொல்லை இடுவதினும், ஆளே இல்லை எனல் நேர்மையானது என்பது எம் கருத்து. அமெரிக்க அறிவியல்முறை மேலாண்மையை ஆலை ஒழுங்குமுறையின் உச்சமாக அந்நூலிலேயே வேபர் குறித்திருத்தலும் நோக்கத்தக்கது.

இனிக் குறளுக்கு வருவோம். 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தை டெய்லரின் ஆள்தேர்வோடு இயைத்தல் எளிது. தேர்வளவில் ஒப்புமை உண்மையே. ஆயின் தேர்ந்தபின் வினையை அவன் பொறுப்பிலேயே விடுக என்பது வள்ளுவர் நெறி. கடிகாரத்தோடு ஒருவரை அருகே நிறுத்துக என்பது டெய்லர் நெறி. அரசன் நாள்தோறும் ஆராய்தல் வேண்டும் என்று அவ்வதிகாரத்து இறுதிக்குறள் கூறுகின்றதே எனின், அங்கு ஆராயப்படுவது வினைசெய்வானின் கோடாமையே அன்றிக் கைகாலின் அசைவன்று. மேலும் அவன் அரசன்கீழ்ப் பொறுப்பேற்ற வினையாளன், சுமைகூலி அல்லன். சுமைகூலியைப் பற்றி அவ்வதிகாரம் பேசவேயில்லை.

ஒப்பிடவே வேண்டின், வேபரின் அலுவலரே வள்ளுவரின் வினைசெய்வானுக்கு அணித்தாக நிற்கின்றார். ஆண்டும் இடைவெளி சிறிதன்று. வினைக்கு உரியவனிடம் வேண்டும் பண்புகள் நான்கனுள் அன்பை முதலில் வைக்கின்றது அவ்வதிகாரம். பரிமேலழகர் அதனை அரசன்மாட்டு அன்பு எனக் கொள்வர். வேபரின் அலுவலர் தலைவனிடம் அன்பு பூண்டவர் அல்லர். பதவிக்குரிய கடமைக்கே கட்டுப்பட்டவர். தலைவனிடம் கொண்ட பற்றினால் பணிபுரிவாரை வேபர் அலுவலர் ஆட்சிமுறைக்கு வேறான, பழமை வழிப்பட்ட ஆட்சி வகையினுள் வைத்து எண்ணுவர்.