ஆமூர் மல்லன்

மல்யுத்தத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் பொதுவாக ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜயித்தவனோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கீழே விழுந்து கிடப்பவனைத் தூக்கிவிட ஒருவரும் பின்தங்குவதில்லை. ஸினிமாவோடு வந்த பழக்கம் இது என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றிலேயே ஆரம்பமாகிவிட்டது.

80-வது பாட்டிலிருந்து 85-வது பாட்டு வரை ஒரே மனிதனைப் பற்றியவை. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி அவன் பெயர். முதல் மூன்று பாட்டு சாத்தந்தையாருடையவை. அடுத்த மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. முக்காவல் நாட்டு ஆமூரைச் சேர்ந்த மல்லன் ஒருவனோடு கிள்ளி பொருது அவனைக் கொன்றான் என்பது செய்தி. உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் இந்தப் பாட்டுக்களைப் படித்து அனுபவித்திருக்கிறார்கள். வீரம் என்று பாதி, காதல் என்று பாதி பங்கு போட்டுப் பேசிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

சாத்தந்தையாரின் வர்ணனையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு முழங்கால் எதிராளியின் மார்பில் அழுந்தியிருக்கிறது. மற்றொரு கால் பின்பக்கமாய்ப் போய் அவன் முதுகை வளைத்திருக்கிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல், தலையும் காலுமாகிய இரு முனையும் ஒடிய அடிக்கிறான். கோதாவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான் இப்படி எழுத முடியும். வீரத்தைப் பற்றிப் பொதுவாகப் பாடும் புலவனுக்கு, எந்தக் கால் எங்கே இருந்தது என்ற கவலை கிடையாது.

82-வது பாட்டைக் கண்டால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மழை வேறு பெய்கிறது. பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு தொழிலாளி வார் கொண்டு கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள ஊசி எத்தனை வேகமாய்ப் போகும்! கிள்ளியின் போர் அந்த வேகத்தில் நடந்தது என்கிறார். சில வரிகளில் ஒரு முழுச் சிறுகதை. நானாக இருந்தால் அந்தக் கட்டில்காரன் பின்னாலேயே போயிருப்பேன். மல்லர்கள் எக்கேடு கெட்டால் என்ன!

அதே பாட்டில்தான் ஆமூர் மல்லனைப் பற்றியும் ஒரு சொல் வருகிறது. அவன் ஊரைக் கைக்கொள்ள வந்த பொருநன். அதாவது, ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் கட்டிப் பொருகிறவன். அதுவே அவன் பிழைப்பு. நான் இப்படித்தான் அர்த்தம் செய்துகொள்கிறேன். கிள்ளியோ ராஜாவின் பிள்ளை. தகப்பன் தித்தனோடு மனஸ்தாபமாம். நக்கண்ணையார் சொல்லுகிறபடி கூழ் குடித்துக்கொண்டிருக்கிறான். அந்த மகன் செய்த வேலையைத் தித்தன் பிரியப்பட்டாலும் படாவிட்டாலும் ஒருதரம் வந்து பார்க்க மாட்டானா என்று சாத்தந்தையார் ஏங்குகிறார். ஆக, ஆறு பாட்டிலும் தொழில்முறை மல்லன் ஒருவன்தான். அவனுக்கு ஊர்ப்பெயர் உண்டு, சொந்தப் பெயர் கிடையாது.

இதையெல்லாம் நான் திரும்ப எடுத்துப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பையன். கோட்டக்குப்பத்தில் நான் இருக்கும் தெருவில் இருக்கிறான். இருபத்திரண்டு வயது. புதுச்சேரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மற்றவர்களுக்கு இரும்பு எடுத்துக் கொடுக்கிற வேலை. இந்த ஊரில் பிரான்ஸில் உறவு இல்லாத வீடு குறைச்சல். இவனுக்கும் பாரிஸில் மாமா இருக்கிறார். ஒரு நாள் வந்து, "சார், இந்த டி.வி. மல்யுத்தத்துக்குள்ளே நுழையறதுக்கு யாரைப் பிடிக்கணும்?" என்று கேட்டான். பிடிக்கிற தொழிலுக்குப் போக யாரைப் பிடிப்பது என்று கேட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை. "அத்தா மாமாகிட்டே போங்கிறாரு. ஓட்டல்லே பாத்திரம் கழுவணும். எனக்கு ஜலந்தர் போகணும்."

ஜலந்தரில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். 'கிரேட் காளி' என்ற பெயரில் ஆடிய தலீப் சிங் ராணா 2015-ல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். ஹிமாசலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர், அமெரிக்கா போய் 2007-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியின் உலகப் பட்டத்தை வாங்கியவர். இந்தத் தொழிலில் நுழைந்த நம் நாட்டுக்காரர்களை வரிசையாய் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. குஸ்திப் பள்ளியிலிருந்து நேரே போனவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜலந்தரில் பழகிய கவிதா தேவி ஹரியானாவில் பளு தூக்கியவர். 2017-ல் சல்வார் கமீஸோடு அமெரிக்க மேடையேறினார். ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்தவர். 2008-ல் ஒரு டெலிவிஷன் போட்டியில் ஜயித்துப் பேஸ்பால் ஆடப் போய், பத்து வருஷம் கழித்து மல்யுத்தத்தில் ஒப்பந்தமானார். சௌரவ் குர்ஜர் 2013-ல் டெலிவிஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்தவர். தாரா சிங்கூட 1940-களின் கடைசியில் பிழைப்புத் தேடி ஸிங்கப்பூர் போய், ஆலை வேலைக்கு நடுவில்தான் இந்தத் தொழிலைக் கற்றார். பிற்பாடு அவரும் கிங் காங்கும் மோதுகிறார்கள் என்றால் ஜனங்கள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள்.

கம்பெனிகள் தேடுவது உயரம், உடம்பு, முகம், வாய். குஸ்தி தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கதாசிரியன் கவனிக்க வேண்டிய இடம். முதல் பாடம் விழுவது. முகவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தலையின் பின்பக்கம் தரையில் படக் கூடாது. மேல் முதுகு பரப்பாய்ப் பட வேண்டும். இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து அதே கணத்தில் பளாரென்று தரையில் அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். தரை என்று நான் சொல்வது, இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் கித்தான். இப்படி நாளைக்கு நூறு தரம் விழுந்து பழகினவனுக்குத்தான் அடுத்த பாடம். காளி முதலில் பயின்ற கலிபோர்னியாப் பள்ளியில் 2001-ல் ஒரு மாணவர் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு இறந்தே போனார். பள்ளியின் அஜாக்கிரதைதான் காரணம் என்று பின்னால் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

பாடம் முடிந்து மேடையேறினால் புதியவனுக்குக் கிடைக்கும் வேஷம் என்ன? தோற்கிற வேஷம். பெயர் வாங்கினவன் பலசாலி என்று ஊருக்குத் தெரிய, இவன் ஐந்து நிமிஷம் அழகாக அடிபட்டுக் கிடக்க வேண்டும். தூக்கி எறிகிறவன் பார்வைக்குத்தான் எதிரி. உண்மையில் இவன் கழுத்து அவன் கையில் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகும் பெரிய கம்பெனியில் இவன் உத்தியோகஸ்தன் அல்ல, சுயேச்சை ஒப்பந்தக்காரன் என்று காகிதத்தில் எழுதியிருக்கும். இத்தனையும் அந்தப் பையனுக்கு விவரமாகச் சொன்னேன். "எல்லாம் பொய்யாட்டம்னு அத்தா சொல்றாரு, சார்" என்றான். அதுதான் அவனை அதிகமாக வாட்டியது என்று தெரிந்தது. கழுத்து முறிவதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

பொய்யாட்டமா என்ற கேள்விக்கு ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமரிசகர் நல்ல பதில் எழுதியிருக்கிறார். 1957-ல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் முதல் கட்டுரையே பாரிஸ் மல்யுத்தத்தைப் பற்றியது. இது பந்தய விளையாட்டே அல்ல, நாடகம். முடிவு முன்கூட்டித் தீர்மானமானதா என்று பார்க்க வந்தவன் கவலைப்படுவதில்லை. வேதனை, தோல்வி, நியாயம் இவை கண்ணெதிரே உருவெடுத்து நிற்பதைப் பார்க்கவே வருகிறான் என்கிறார். படித்தபோது, இதைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரர் வர வேண்டுமா என்றிருந்தது. இந்த விழுப்புரம் வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோவில் படுகளம் பார்த்தவர்களுக்கு இது புது விஷயமா? களிமண்ணால் பெரிதாய்த் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான் என்பது குழந்தைக்கும் தெரியும். ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஜனங்கள் அந்த அடிக்காகக் காத்திருக்கிறார்கள். அடி விழுந்ததும் ஒப்பாரி கிளம்புகிறது. பொய் என்று யாரும் எழுந்து போவதில்லை.

ஆனால் பார்த் பேரில் எனக்கு ஒரு புகார் உண்டு. அவர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. உடம்பை அடையாளமாக அற்புதமாய்ப் படிக்கிறார். அந்த உடம்பு காலையில் எப்படி எழுந்து நடக்கிறது என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. கட்டுரைக்காரருக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். கதைக்காரனுக்குக் கட்டாயம் தேவை.

நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போனது ஓர் அமெரிக்கப் படம். 'தி ரெஸ்ட்லர்', 2008-ல் வந்தது. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. மிக்கி ரூர்க் வயதான மல்லனாக நடித்திருக்கிறார். காதில் கேட்கும் கருவி, வாரக் கடைசியில் ஆட்டம், மற்ற நாளில் கடையில் இறைச்சி நிறுத்துப் போடும் வேலை. படத்தில் மிகச் சிறந்த இடம் மேடையில் இல்லை, உடை மாற்றும் அறையில் இருக்கிறது. சற்று நேரத்தில் ஒருவனையொருவன் கிழிக்கப் போகிறவர்கள், கல்யாண வீட்டில் சமையற்காரர்கள் பேசிக்கொள்வதுபோல, எதற்குப் பின் எது என்று மரியாதையாய்ப் பேசி ஒப்புக்கொள்கிறார்கள். மணிக்கட்டுத் துணிக்குள் துண்டு பிளேடு மறைகிறது; பிறகு நெற்றியில் வரும் ரத்தம் நிஜ ரத்தம். பொய்யும் நிஜமும் எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று இவ்வளவு சுருக்கமாய் யாரும் காட்டியதில்லை. கடைசிப் பகுதியில் மட்டும் கொஞ்சம் கண்ணீர் அதிகம். தவிர, அது தொழிலை விட்டு வெளியேறும் வாசலைப் பற்றிய படம். உள்ளே நுழையும் வாசலை அதுவும் காட்டவில்லை.

தமிழில் அந்த வாசலுக்குக் கிட்டத்தட்ட வந்தது 2021-ல் வெளியான 'சார்பட்டா பரம்பரை'. அது குத்துச்சண்டை, ஆனாலும் நம் விஷயத்துக்குப் பொருந்தும். வேலை முடிந்த சங்கு ஊதியதும் ஆட்டம் பார்க்க ஓடும் கபிலனும், அதைத் தெரிந்துகொண்டு அடிக்க வரும் தாயாரும் முதல் பாதியை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். பிற்பாதியில் பா. ரஞ்சித் வழக்கமான பாதையில் கதையை ஓட்டிவிட்டார். விழுந்த கதாநாயகன் எழுந்து ஜயிக்கிறான். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள்? டான்ஸிங் ரோஸைப் பற்றி. கபிலனிடம் தோற்றவன்! எப்படித் தோற்க வேண்டும் என்று தெரிந்த ஒரு பாத்திரம் தமிழ் ஸினிமாவில் வந்துவிட்டது. ரசிகர்களும் அதைத் தவறாமல் அடையாளம் கண்டுகொண்டார்கள். 2022-ல் வந்த 'கட்டா குஸ்தி'யில் மல்யுத்தக்காரி ஒருத்தி சவுரி வைத்துக்கொண்டு சாதுவான மனைவியாக நடிக்கிறாள். மேடையில் நிஜம், வீட்டில் வேஷம். நல்ல யோசனைதான். சிரிப்புக்காக அதைச் சீக்கிரமே செலவழித்துவிட்டார்கள்.

நக்கண்ணையாரிடம் இந்தக் குறை இல்லை. அவள் தெரிந்தெடுத்துச் சொல்லும் விவரங்களைப் பாருங்கள். இது கிள்ளியின் ஊரும் அல்ல, நாடும் அல்ல; அதனால் கூட்டம் இரண்டாய்ப் பிரிந்து, அவனுக்கே வெற்றி என்று ஒரு சாராரும், இல்லை என்று ஒரு சாராரும் கத்துகிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தை ஒட்டி நின்று பார்க்கிறாள். இன்னொரு பாட்டில் சொல்கிறாள்: எதிர்த்து வரும் செருக்கர்களுக்குக் கிள்ளி, உமணர் அஞ்சும் ஆற்றுத்துறையைப் போன்றவன். உமணர் என்றால் உப்பு வணிகர். மரக்காணத்தில் பாத்தியிலிருந்து உப்பு வாரி மேட்டில் குவித்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்களைப் பார்த்தவனுக்கு இந்த உவமையின் பயம் உடனே புரியும். துறையில் வண்டி இறங்கினால் சக்கரம் மாத்திரம் புதையாது, முதலே கரைந்துபோகும். தோற்கிறவனுடைய நஷ்டம் என்னவென்று கணக்காய்த் தெரிந்து எழுதியிருக்கிறாள், அதுவும் ஜயித்தவனைக் காதலித்துக்கொண்டே.

பையன் போன மாதம் ஜலந்தருக்கு ரயிலேறிவிட்டான். மூன்று மாசத்துக்குப் பணம் சேர்த்திருந்தான். முகவாயை மார்போடு சேர்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவனுடைய அத்தா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மசூதித் தெருவில் எதிரே பார்த்தால் திரும்பிக்கொள்கிறார். தித்தனைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

எழுத வேண்டிய நாவல் ஒன்று அந்த ஆறு பாட்டுக்குள் அப்படியே இருக்கிறது. அது கிள்ளியைப் பற்றியதல்ல. ஆமூரில் ஒரு பையன் எந்தக் குருவிடம் போனான், யார் சோறு போட்டார்கள், முதல் பந்தயத்தில் யாரிடம் தோற்றான், எத்தனை ஊர் கண்டபின் கூழ் குடிக்கும் ராஜகுமாரன் ஒருவனோடு பொருத ஒப்புக்கொண்டான், அதற்கு என்ன கூலி பேசினான் — அதைப் பற்றியது. ஆமூரிலிருந்து அவனோடு கூட வந்தவர்களும் அன்று அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். உடம்பைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தானே.