கச்சேரி முடிந்த பிறகு: நம் வட்டாரத்து ரசிகப் பாணிகள்

நம் சபையின் மலருக்குப் பாணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அரியக்குடியின் பத்ததி, ஜி.என்.பி.யின் பிருகா, மதுரை மணி ஐயரின் சர்வலகு, முசிறியின் நிரவல், தனம்மாள் வீட்டுச் சௌக்கம் என்று நம் உறுப்பினர்களிடம் நான் ஆரம்பித்தால் அது கொல்லர் தெருவில் ஊசி விற்கும் கதை. அதைச் செய்யப் போவதில்லை. பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் பாணி உண்டா? கேட்கிறவர்களுக்கும் உண்டு. கச்சேரி கேட்டுவிட்டு வெளியே வந்து அதைப் பற்றிப் பேசுவதற்கும் குரு உண்டு, பாடாந்தரம் உண்டு, பரம்பரை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பரம்பரை எப்படி வளர்ந்தது, இப்போது என்ன கதியில் இருக்கிறது என்பதை எழுத எனக்கு இடம் கொடுத்த தலைவருக்கும் செயலவையினருக்கும் நன்றி.

தமிழில் இந்தக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் கல்கி முக்கியமானவர். விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ எழுதியபோது, சங்கீதம் தெரியாதவனும் சங்கீதத்தைப் பற்றிச் சண்டை போடலாம் என்ற துணிச்சலை அவர்தான் கொடுத்தார். பின்னால் வந்த சுப்புடு ரங்கூனில் வளர்ந்தவர். 1942இல் போர் துரத்த, பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்தவர். அந்தக் கால்வலியெல்லாம் பிற்காலத்தில் வித்வான்கள் மேல் இறங்கியது என்று, எங்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்த ஐயா வேடிக்கையாகச் சொல்வார். இவர்கள் இருவரும் அச்சில் எழுதினார்கள். நம் மக்கள் வாயால் பேசினார்கள், அதனால் பதிவில்லை. மலர் போடுவதே இதற்காகத்தான்.

முதலில் பிரிக்பீல்ட்ஸ் பாணி. மூத்தது, மரியாதைக்குரியது. ரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நல்லூரை மனத்தில் வைத்துக் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். பண்ணோடு தேவாரம் கேட்டு வளர்ந்த காது அவர்களுடையது. சங்கீத அபிவிருத்தி சபை போன்ற பழைய சபைகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை நான் இளவயதில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கச்சேரி முடிந்து கால் மணி நேரம் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: “ஸ்ருதி நிண்டது.” அது பெரிய பாராட்டு. “சாகித்தியத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்” என்றால் பாடியவர் ‘ழ’கரத்தைக் கொன்றுவிட்டார் என்று பொருள். சொல் சுத்தமும் ஸ்ருதி சுத்தமும் அவர்களுக்கு இரண்டு கண்கள். லய வியவகாரம் கொஞ்சம் பின்னால்தான். அவர்களில் சிலர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். (அந்தப் பாணியைச் சேர்ந்த அன்பர்கள் நம் சபையிலும் உண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது.)

கிள்ளான் பாணி வேறு. அது மண்டபத்தில் பிறந்ததல்ல, கோயில் பிராகாரத்தில் நின்றுகொண்டே பிறந்தது. 1892இல் அமைந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலும், தண்டாயுதபாணி கோயிலும், திருவிழாவுக்குத் திருவிழா வந்திறங்கும் நாகஸ்வர தவில் கோஷ்டிகளும்தான் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டிலிருந்தும் வருவார்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் வருவார்கள். கிள்ளான் ரசிகருக்கு வாய்ப்பாட்டுக்காரரைவிட நாயனக்காரர் ஒருபடி மேல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திமிரியை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனம் செய்வித்ததையும், சுத்த மத்திமம் பிசகாமல் பேச வழி பிறந்ததையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் என்று பேச்செடுத்தால் அன்று வீட்டுக்குப் போவது கடினம்.

இந்தப் பாணியில் விமர்சனம் என்பது பெரும்பாலும் முகம்தான். சாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை மல்லாரி ஆரம்பிக்கும்போது கைகட்டி நிற்பார்கள். சீவாளி ஒத்துழைக்கவில்லை என்றால் வாசிப்பவருக்குத் தெரிவதற்கு முன்பே இவர்களுடைய புருவம் ஏறிவிடும். மைக்கை நாயனத்தின் அணசுக்குள் திணிக்கும் வழக்கம் வந்த பிறகு அந்தப் புருவம் இறங்கியதே இல்லை. இன்று கோயில் வாத்தியக் கலைஞர்களுக்கு வேலை பெர்மிட் எடுப்பதற்குள் நிர்வாகங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். நாயனம் வராத கோயிலில் பெட்டியைத் தட்டினால் மல்லாரி வருகிறது. பெட்டிக்கு முன்னால் யார் கைகட்டி நிற்பார்கள்?

ஃபைன் ஆர்ட்ஸ் பாணி என்று நான் சொல்வதை அந்தப் பக்கத்து நண்பர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ என்னவோ. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிவைத்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குப் பாட்டும் பரதமும் கொடுத்தது, அதை மறுப்பவர் யாருமில்லை. அங்கிருந்து வரும் ரசிகர் அரங்க ஒழுங்கை முதலில் பார்ப்பார்: விளக்கு, உடை, நேரந்தவறாமை. பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர்கள் இந்தப் பாணியில் அதிகம் என்பதால் பேச்சில் அன்பு கூடுதல், கறார் குறைவு. இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை.

இனி நம் பாணி. தெலுக் பங்லிமா காராங்கில் என்ன பாணி என்று கோலாலம்பூர்க்காரர்கள் கேட்பார்கள். கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் நடுவில், ஒரு பக்கம் தொழிற்சாலைகள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரித்தீவு முழுக்கச் செம்பனை. இங்கே சபா மேடை கிடையாது. நம் பெரியவர்களுக்கு சங்கீதம் மூன்று வாசல் வழியாக வந்தது: தோட்டத்து மாரியம்மன் திருவிழா, திடலில் துணி கட்டிக் காட்டிய படம், வானொலி. ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ஆபேரி, ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம், பிறகு ‘சிந்து பைரவி’. ராகத்தின் பெயர் தெரியாமலே ராகத்தைத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். பெயரை அப்புறம் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஐயா.

ஐயா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர், அந்த விருப்பத்தை இந்த மலரிலும் காப்பாற்றுகிறேன். வாய்விட்டுப் பாடி யாரும் கேட்டதில்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 புத்தகம் இருக்கும். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே குட்டிப் புத்தகம்தான். திறந்தால் இடது பக்கத்தில் உருப்படி, ராகம், தாளம், எடுத்துக்கொண்ட நேரம். வலது பக்கத்தில் குறிப்பு. அது எப்போதும் இடம் சுட்டித்தான் இருக்கும். “பல்லவி மூன்றாம் சங்கதியில் வயலின்காரர் முந்தினார்.” “நிரவலில் வார்த்தை உடைந்தது.” “தொப்பி காய்ந்துவிட்டது, தனியில் கும்கி இல்லை.” நன்று, அருமை, பிரமாதம் என்ற சொற்கள் அந்தப் புத்தகங்களில் கிடையாது. கிராணியாகப் பால் எடை எழுதிய கை, கூட்டியும் எழுதாது குறைத்தும் எழுதாது.

பிரிக்பீல்ட்ஸில் கச்சேரி முடிந்தால் நேரே வண்டி ஏற விடமாட்டார். ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து ஒவ்வொருவரையும் கேட்பார். “நல்லா இருந்துச்சுங்கய்யா” என்றால், “எது?” என்பார். “நாயகிங்கய்யா” என்றால், “நாயகியில எது?” அங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஒரு முறை பாடகர் நாயகி பாடப் போய்ப் பாதி தூரம் தர்பாரில் நடந்தார். எங்களில் ஒருவருக்கும் அது படவில்லை. ஐயா மேசையில் விரலால் தட்டிக்கொண்டே, காந்தாரமும் நிஷாதமும் இரட்டித்துத் துள்ளினால் தர்பார், ரிஷபத்தைப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை அவசரப்படாமல் அசைத்தால் நாயகி என்று மெல்ல முணுமுணுத்துக் காட்டினார். ஒரே சுரங்களை வைத்துக்கொண்டு இரண்டு ராகங்கள் எப்படித் தனிக்குடித்தனம் நடத்துகின்றன என்பதைக் கடைக்காரர் நாற்காலி அடுக்கும் வரை பேசினோம். பக்கத்து மேசையிலிருந்த பிரிக்பீல்ட்ஸ் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “தம்பி, அவர் சொல்லுறது சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பாணிக்குக் கிடைத்த அங்கீகாரமாக அதை இன்றும் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தப் பாணிக்கு லயத்தில் தனிப் பிடிப்பு. தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மிருதங்கத்தில் இரண்டு கட்சி கட்டி, பாலக்காடு மணி ஐயருக்கும் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கும் நடுவில் நியாயம் சொல்லிச் சிரமப்பட்ட இரவுகள் உண்டு. ஐயா புதுக்கோட்டைப் பக்கம். இடக்கையால் வாசித்த பழனிக்கு உட்கார இடம் ஒழுங்குசெய்ய மனமில்லாத மேடைகளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் தே தாரிக் ஆறிப்போகும்.

இப்போது நிலைமையைச் சொல்ல வேண்டும். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. இன்று மேடையேறும் கலைஞர்கள் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. சிலரிடம் வேகம் சற்றுக் கூடிவிட்டதோ, விளம்பகாலத்துக்கு அஞ்சுகிறார்களோ என்று தோன்றுவது என் வயதின் கோளாறாகவும் இருக்கலாம். என் வருத்தம் கலைஞர்கள் மேல் இல்லை. கேட்கிறவர்கள் மேல்.

அண்மையில் கோலாலம்பூரில் ஒரு கச்சேரி. பாடகர் வர்ணம் ஆரம்பித்தார். முத்தாயி ஸ்வரத்துக்குக்கூட வரவில்லை, என் கைப்பேசி அதிர்ந்தது. எனக்கு மூன்று வரிசை முன்னால் அமர்ந்திருக்கும் அன்பர் மேடையைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பியிருக்கிறார்: “அருமையான கச்சேரி. வராதவர்கள் கொடுத்துவைக்கவில்லை.” வந்தவரே இன்னும் கேட்கவில்லையே ஐயா! மறுநாள் காலை பசியாறும் நேரத்தில் அந்தப் படத்துக்குக் கீழே கைகூப்பும் படங்களும் மலர்க்கொத்துகளுமாக நிறைந்திருந்தன. பிரதான ராகம் என்ன என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு அன்பர் கல்யாணி என்றார், இன்னொருவர் பாடகியின் புடவை நிறத்தைச் சொன்னார். பாடியவர் ஆண்.

இதைச் சின்ன விஷயம் என்று செயலவையில் சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பதற்கு முன்பே பாராட்டுகிற பழக்கம் கச்சேரியோடு நிற்பதில்லை. தாலி கட்டுவதற்கு முன்பே பந்திக்கு ஓடுகிறோம். கோயில் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கையைப் படிக்கும் முன்பே ஒருமனதாக ஏற்றுக்கொள்கிறோம். நூல் வெளியீட்டில் நூலைப் பிரிக்காமலே அதன் சிறப்பை அரைமணி நேரம் பேசுகிறோம். ஒரு சமூகம் காதைத் தொலைத்துவிட்டால் பிறகு அதற்கு எதைச் சொல்லி என்ன பயன்? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மண்டபமே எழுந்து கழிவறைக்கும் வடைக்கும் போகிறது. கூட்டம் கலைந்த மண்டபத்தில் மிருதங்கக்காரர் நாற்காலிகளுக்கு மோகரா கோர்வை வாசிக்கிறார். நம் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வருந்துகிறார்கள். பதினைந்து நிமிடம் தோலையும் மரத்தையும் கேட்கப் பொறுக்காத அப்பன்மாரின் பிள்ளைகளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? மார்கழிக்கு விமானம் ஏறிச் சென்னை போய்வருகிற அன்பர்களிடமாவது விவரம் கேட்கலாம் என்று போனால், எந்த சபா கேண்டீனில் அடை அவியல் நன்றாயிருந்தது என்பதை மட்டும் இடம் சுட்டிச் சொல்கிறார்கள். அதையும் ஐயாவின் 555 புத்தகத்தில் குறித்திருந்தால் அவர் எங்களை எழுப்பி அனுப்பியிருப்பார்.

ஒரு வேடிக்கை. 2023இல் புக்கிட் ஜாலிலில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி நடந்தது. என் பேத்தி போய்வந்தாள். எந்தப் பாட்டில் இசைத்தட்டில் இல்லாத முன்னிசை வந்தது, எந்த இடத்தில் பாடகர் சுருதியை விட்டார், எதை மெதுவாக்கியது பிடிக்கவில்லை என்று வாரம் முழுக்கத் தோழிகளோடு தொலைபேசியில் சண்டை. அவளுக்குத் தர்பாரும் தெரியாது, நாயகியும் தெரியாது. ஆனால் ‘எது?’ என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. எங்கள் பாணி எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது பாருங்கள்.

சபையின் மூத்தோர் தயவில் நம் மாதாந்திரக் கூடலில் இன்னும் சிலர் இடம் சுட்டிப் பேசுகிறார்கள் என்பது ஆறுதல். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். இப்போது மண்டபத்தைப் பத்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால் மங்களம் முடிவதற்குள் பின்பக்க விளக்குகளை அணைக்கிறார்கள், பேச வாய் திறப்பதற்குள் கேட்டைச் சாத்துகிறார்கள். சங்கீதம் கேட்க வாடகை கொடுக்கிற நாம் அதைப் பற்றிப் பேசவும் அரைமணி நேர வாடகை கொடுக்கக் கூடாதா? பொருளாளர் ஆட்சேபிப்பார் என்று தெரியும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கூடுதல் அரைமணியின் வாடகையை நானே தருகிறேன், ரசீதை ஐயா நினைவாக என்று போட்டால் போதும்.