அணங்கும் எள்ளலும்: ‘காஞ்சனா’ திரைப்படத்தில் நகை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கையும், நகையின் நிலைக்களன்களுள் எள்ளலையும் முதற்கண் வைக்கிறது. ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ (2011) இவ்விரண்டையும் ஒரே உடலில் பொருத்துகிறது. இரவில் தாயின் துணையின்றி வெளியே செல்ல அஞ்சும் நாயகனைக் கண்டு எழும் சிரிப்பு பேதைமை பற்றியது, தீங்கற்றது. ஆவி புகுந்தபின் அவன் சேலையுடுத்துப் பெண்ணாய் ஒயிலும்போது எழும் சிரிப்போ எள்ளல் பற்றியது. பிற்பாதியில் அவ்வாவி, நிலப்பறிப்பின் பொருட்டுக் கொல்லப்பட்ட திருநங்கை எனத் தெரியவருகிறது. சரத்குமார் அப்பாத்திரத்தைக் கேலிக்கு இடந்தராது நடித்துள்ளார். சற்றுமுன் நகைத்த அவையோரை அழுகைக்குத் திருப்புவதே படத்தின் வலிமை. ஆயினும், அந்நகை யாரை நோக்கியது என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. கொன்றவரைப் பழிதீர்க்கும் காஞ்சனா, எள்ளியவரை ஒன்றும் கேளாமல் விட்டுவிடுகிறாள்.