ஹைபிரிட் கார்களின் ஆயுட்கணக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, ஹைபிரிட் காரின் புகழ் இலங்கையில் மறுபடியும் உரத்த குரலில் பாடப்பட்டு வருகிறது. புதிதாக வந்திறங்கும் வண்டியின் விலையைக் கேட்டு மலைத்துப்போய் நிற்பவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ரொயோட்டா அக்குவாவையும் பிரியஸையும் காட்டி, இவை எத்தனை இலட்சம் கிலோமீற்றரும் ஓடும், பற்றரியைப் பற்றிய பயமெல்லாம் விஷயம் அறியாதவர்களின் பேச்சு என்று சமாதானம் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தச் சமாதானம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாகவே இருக்கலாம். ஆனால் அதை நம்பிக் கடன்பட்டு வண்டி வாங்குகிறவர்களின் நிலையைப் பார்த்தபின் அதை மறுக்காதிருப்பது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

யந்திரத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ரொயோட்டாவின் ஹைபிரிட் அமைப்பில் கிளச் இல்லை, தனியே ஸ்டாட்டர் மோட்டார் இல்லை, ஓல்டனேற்றர் இல்லை. ஆகவே சாதாரண கார்களில் அடிக்கடி பழுதாகிற உறுப்புகள் சில இதில் பழுதாக இடமே இல்லை. வேகத்தைத் தணிக்கும் வேலையில் பெரும்பங்கை மின்மோட்டாரே ஏற்றுக்கொள்வதால் பிரேக் பாட்கள் நெடுங்காலம் தேயாமல் இருக்கின்றன. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் நிறுவனம் மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய 2002ஆம் வருடத்துப் பிரியஸ் ஒன்றை 2011இல் சோதித்து, அதன் எரிபொருட் சிக்கனம் புதிய வண்டியினதற்கு ஏறக்குறைய நிகராகவே இருந்ததைக் கண்டது. 2022இல், கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில், அந்த இருபது லீற்றரைக்கொண்டு ஹைபிரிட்காரர் போய்வந்த தூரம் மற்றவர்களால் போகமுடியாத தூரம். இவை யாவும் பிரத்தியட்சமான உண்மைகள். (எல்லா ஹைபிரிட்டும் ஒரே தரமன்று என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 2013இல் வெளிவந்த ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா நிறுவனமே ஓராண்டு காலத்துக்குள் பலமுறை திரும்ப அழைத்துத் திருத்த நேர்ந்தது.)

நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திவரும் ஆட்சேபம் வேறு. ஹைபிரிட் காரின் ஆயுளை அதன் அபிமானிகள் எப்பொழுதும் கிலோமீற்றரிலேயே அளக்கிறார்கள். பற்றரியோ பெரும்பாலும் வருடங்களாலும் உஷ்ணத்தாலும் மூப்படைகிறது. கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த அந்தப் பிரியஸ் மூன்று இலட்சம் கிலோமீற்றரைக் கடந்திருந்தபோதும் அதன் வயது ஒன்பது வருடந்தான் என்பதை அதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கட்டுநாயக்காவுக்கும் கொழும்புக்கும் இடையே ஓயாமல் ஓடும் வாடகை வண்டி நாலு வருடத்தில் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிடலாம். அதன் பற்றரி அப்பொழுதும் இளமையோடு இருக்கலாம். அந்த இரண்டு இலட்சத்தைச் சுட்டிக்காட்டி, சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துப் பாடசாலைக்குப் போய்வருகிற ஆசிரியர் ஒருவரிடம், உங்கள் வண்டி எழுபதினாயிரம் கிலோமீற்றர்தானே ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது என்று சொல்வது பெருந்தவறு. அவருடைய எழுபதினாயிரம் பதின்மூன்று வருடத்து எழுபதினாயிரம்.

அது மட்டுமன்று, குறைவாக ஓடுவதே பற்றரிக்குக் கேடாகவும் முடிகிறது. வண்டி ஓடும்போது அதன் கணினி, பற்றரியின் மின்சேமிப்பை முழுதும் நிரம்பவிடாமலும் முழுதும் வற்றவிடாமலும் ஓர் இடைநிலையில் வைத்துக் காக்கிறது. இவ்வண்டிகளிலுள்ள நிக்கல் பற்றரி இத்தனை காலம் உழைப்பதன் இரகசியமே அதுதான். வண்டி கொட்டிலில் நிற்கும்போது அந்தக் காவல் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னியல்பில், மற்றதோடு ஒத்துப்போகாமல், மெல்ல மெல்ல வடிந்து சமநிலை கெடுகிறது. 2020இன் ஊரடங்கிலும் 2022இன் பெற்றோல் பஞ்சத்திலும் மாதக்கணக்கில் அசையாது நின்ற வண்டிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த மாதங்களில் ஓட்டமானியில் ஓர் எண்ணும் ஏறவில்லை. பற்றரியின் வயது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

செலவுக் கணக்கிலும் இதே பிழைதான் புகுந்திருக்கிறது. ஹைபிரிட் லீற்றருக்கு 20 கிலோமீற்றரும், அதே பருமனான பெற்றோல் கார் 12 கிலோமீற்றரும் தருவதாகக் கொள்வோம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றும் கொள்வோம். வருடத்துக்கு 50,000 கிலோமீற்றர் ஓடும் வாடகை வண்டிக்காரருக்கு ஒரே வருடத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ரூபா மிச்சமாகிறது. நாளைக்கே பற்றரி போனாலும் அவர் கலங்கவேண்டியதில்லை. வருடத்துக்கு 7,000 கிலோமீற்றர் ஓடும் ஆசிரியருக்கு மிச்சமாவது எழுபதினாயிரம் ரூபா மாத்திரமே. ஆனால் பற்றரி மாற்றவேண்டிய நாள் வரும்போது இருவரும் கொடுக்கவேண்டிய விலை ஒன்றுதான். அது சில இலட்சம் ரூபாவை ஒரே தவணையில் விழுங்குகிற விலை. பெற்றோல் காருக்குந்தான் எஞ்சின் வேலை வராதா என்று கேட்பார்கள். வரும், வந்தால் எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் இருப்பார், இந்த மாதம் ஒன்று அடுத்த மாதம் ஒன்று என்று பகுதி பகுதியாகச் செய்துகொள்ளலாம். ஹைபிரிட்டின் முகப்பில் எச்சரிக்கைச் சிவப்பு முக்கோணம் எரிந்து, ஸ்கானரில் பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற குறி வந்துவிட்டால், அவ்வாறு தவணை பேச இடமில்லை.

அந்த நிலையில் கராஜ்களில் நடப்பதையும் கொஞ்சம் கிட்டநின்று பார்க்கவேண்டும். அக்குவாவின் பின்னிருக்கையைக் கழற்றினால், செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் வந்து சேருகிற உலோகப் பெட்டி ஒன்று தெரியும். அதைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையோரத்திலுள்ள சிறு சல்லடை வழியாகவே உள்ளே போகவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சல்லடை புழுதியும் தலைமயிரும் அடைத்துக் கம்பளிபோலத் தடித்துக் கிடக்கிறது. பெட்டியின் மூடியைத் திறந்தால் வரிசையாக இருபது கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஆறு செல்கள். அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைப் பூஞ்சணம்போலக் களிம்பு படர்ந்திருக்கும். மீற்றரை வைத்துப் பார்த்துக்கொண்டே போனால் 7.9, 7.9, 7.8 என்று வந்த இடத்தில் ஒன்று மட்டும் 6.6 என்று காட்டும். அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது என்பது பொருள். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்தோ, விபத்தில் உடைந்த வண்டியிலிருந்தோ பழைய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் மாட்டி, சில மாத உத்தரவாதமும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரே வெயிலில் ஒரே காலம் மூப்படைந்த மற்றப் பத்தொன்பதும் அந்த ஒன்றைப் பின்தொடர அதிக காலம் எடுப்பதில்லை. முக்கோணம் மறுபடி எரிகிறது, மறுபடி ஒரு கட்டை மாறுகிறது. இப்படி மூன்று நாலு முறை பணங்கொடுத்தபின், புதிய பற்றரிக்கே போயிருக்கலாமே என்று வருந்துகிறவர்களை எந்த ஊரிலும் காணலாம். மெக்கானிக்கை நான் குறைசொல்லமாட்டேன். கையில் இருக்கிற பணத்துக்கு ஏற்ற வேலையைத்தான் அவர் செய்கிறார்.

என் கோபம் அவருக்கு முந்திய கட்டத்தில் இலாபம் பெற்றுப் போனவர்கள்மீது. உற்பத்தியாளரின் உத்தரவாதம் யப்பானிலே முதல் உரிமையாளரோடு நின்றுவிட்டது. கொழும்பிலே யப்பானிய வாகன ஏலத்தின் தரச்சீட்டைக் காட்டி விற்றவர் தம் இலாபத்தை எடுத்துக்கொண்டார். வாங்கி ஆறேழு வருடம் சிக்கனமாக ஓட்டியவர், வாகனத் தட்டுப்பாட்டின் புண்ணியத்தில் வாங்கிய விலைக்கு மேலேயே விற்றார். பெற்றோல் மிச்சம் முழுவதும் முன்னவர்களுக்குச் சேர, மூப்பின் செலவு முழுவதும் கடைசியாக வாங்கியவரின் தலையில் விழுகிறது. அவரோ பெரும்பாலும் அந்த வரிசையிலேயே வசதி குறைந்தவர். இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போட்டு, ஹைபிரிட்டின் ஓட்டச் செலவு குறைவு என்று எழுதுவது, கணக்கு சரியாக இருந்தபோதிலும், கணக்கு யாருடையது என்பதை மறைத்துவிடுகிற எழுத்து.

வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்காக இந்த வண்டிகள் வருடந்தோறும் புகைப் பரிசோதனைக்குப் போய்வருகின்றன. வெளியே போகும் புகையை அளக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு ஸ்கானரைச் செருகிப் பற்றரிக் கட்டைகளின் மின்னழுத்தத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது அரிய காரியமாகாது. உரிமை மாறும்போதெல்லாம் அந்தத் தாளும், பற்றரி எந்த வருடத்தது, அதில் எத்தனை கட்டைகள் மாற்றப்பட்டன என்ற விபரமும் வண்டியின் பத்திரங்களோடு சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும் என்று சட்டம் செய்யலாம். அது வரும்வரையில், அத்தகைய விபரம் இல்லாத பழைய ஹைபிரிட்டுக்கு, ஓட்டமானி என்ன எண்ணைக் காட்டினாலும், புதிய பற்றரி ஒன்றின் முழு விலையையும் கழித்துக்கொண்டே விலை பேசவேண்டும்.