கட்டங்களுக்குள் சிலேடை

ஒரு சொல்லை யாரும் காணாத இடத்தில் ஒளித்து வைப்பதற்குச் சாமர்த்தியம் அதிகம் வேண்டியதில்லை. காண்பவரின் கண்ணெதிரிலேயே, பட்டப்பகலில், ஒன்றையும் மூடாமல் வைத்துவிட்டு, அவர் அதைத் தாண்டித் தாண்டிப் போகும்படி செய்வதும், பின்பு கண்டுகொண்ட கணத்தில் ‘இங்கேயே அல்லவா இருந்தது!’ என்று வியந்து, வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணம் சிறிதும் இன்றி அவர் மகிழும்படி செய்வதுமே கலை. அந்தக் கலையின் பூரண வடிவத்தைக் குறுக்கெழுத்துப் புதிரின் மறைபொருள் குறிப்புகளில் காணலாம் என்பது என் திடமான எண்ணம்.

குறுக்கெழுத்தின் ஜன்மபூமி அமெரிக்கா. லிவர்பூல் நகரில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகைத் தொழில் செய்துவந்த ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21-ஆம் தேதி ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், வைர வடிவமாக அடுக்கிய கட்டங்களில் வெளியிட்டதே முதல் குறுக்கெழுத்து என்று கொள்ளப்படுகிறது. அதிலிருந்த குறிப்புகள் பெரும்பாலும் அகராதிப் பொருளைச் சொல்லி விடையைக் கேட்பவை. அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்த பின்னரே, பொருளைச் சொல்வது போலச் சொல்லி வேறொன்றைச் சொல்லும், கிரிப்டிக் என்று ஆங்கிலேயர் வழங்கும் மறைபொருள் குறிப்பு முழு வளர்ச்சி பெற்றது. 1926 முதல் ‘அப்சர்வர்’ வாரப் பத்திரிகையில் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் என்னும் கவிஞர், ஸ்பெயின் தேசத்துச் சமய விசாரணைத் தலைவர் டார்கிமாடாவின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு, வாசகர்களை இன்பமாக வதைத்து வந்தார். 1939-இல் அவர் மறைந்தபின் அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் டி. எஸ். மக்நட் என்னும் ஆசிரியர். அவரும் மற்றொரு விசாரணைத் தலைவரான சிமெனஸின் பெயரையே சூடிக்கொண்டார். 1972-இல் தொடங்கிய அவருடைய வாரிசு, டெஸா என்னும் விசாரணைத் தலைவரின் பெயரை எழுத்து எழுத்தாகத் திருப்பிப்போட்டு ஆஸெட் ஆனார். புனைபெயரையே ஒரு புதிராக்கிய அந்த வம்சத்தின் ரசனையை என்னவென்று புகழ்வது!

இவர்களுள் சிமெனஸ் செய்த உபகாரமே பெரிது என்பேன். தம் அனுபவத்தின் சாரத்தையெல்லாம் 1966-இல் ஒரு நூலாக வெளியிட்ட அவர், ஒரு குறிப்பில் இருக்கவேண்டியவை இரண்டே என்று வரையறுத்தார்: விடைக்குரிய நேர்ப்பொருள் ஒன்று, அதே விடையை அதன் எழுத்துகளைக்கொண்டு அடையும் சொல்லாட்டம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் அசைச்சொல்லாகக்கூட எதுவும் இருத்தலாகாது. அவருக்கு முன்பே, 1949-இல், அப்ரிட் என்னும் புனைபெயருடைய புதிராசிரியர், சொல்வது வேறு கருதுவது வேறாக இருக்கலாம், ஆயினும் கருதியதைச் சொற்கள் பிழையின்றிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற தர்மத்தை வகுத்திருந்தார். எதிரியை மயக்கலாம், ஆனால் அவனிடம் பொய் சொல்லக்கூடாது என்னும் இந்த விரதமே குறுக்கெழுத்தைக் கலையாக்கியது. விடுவிப்பவன் தன் விடை சரியோ தவறோ என்று மறுநாள் பத்திரிகையை எதிர்நோக்கியிருக்க வேண்டியதில்லை; இரண்டு வழிகளும் ஒரே சொல்லில் வந்து கூடும்போது விடை தனக்குத்தானே சாட்சி சொல்லிவிடுகிறது.

இதைத் தமிழிலேயே பார்ப்போம். ‘செய்யுள் கிளறி விதைக’ (3) என்று ஒரு குறிப்பு. அடைப்புக்குள் உள்ள எண், விடை மூன்று எழுத்துடையது என்பதைக் காட்டும். படித்தவுடன் மனத்தில் எழுவது உழவர் காட்சி: செய் என்றால் வயல், நன்செய், புன்செய் என்று இன்றும் வழங்குகிறோம், ஆகவே, வயலுக்குள்ளே மண்ணைக் கிளறி விதைப்பாயாக என்று யாரோ ஒரு பெரியவர் சொல்வது போலத் தோன்றுகிறது. அந்தக் காட்சியிலிருந்து மனத்தை வலிய விடுவித்துக்கொண்டு, சொற்களைச் சொற்களாக மாத்திரம் பார்ப்பவருக்கு வழி திறக்கிறது. ‘விதைக’ என்பதன் மூன்று எழுத்துகளையும் கிளறினால் ‘கவிதை’ வருகிறது. கவிதை என்பது செய்யுள். வயலும் மண்ணும் விதையும் மறைந்து, இருந்த இடத்திலேயே இலக்கியம் நிற்கிறது. குறிப்பில் இருந்த சொற்கள் மூன்று; நேர்ப்பொருள் ஒன்று, கலைக்கும்படி சொல்லும் ஏவல் ஒன்று, கலைக்கப்படும் எழுத்துகள் ஒன்று. கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

இன்னொன்று: ‘அந்தி சூடுவது’ (2). ஏதோ ஒரு புதுக்கவிதையின் தலைப்பு போல, செவ்வானத்தையோ முதல் விண்மீனையோ நினைக்கத் தூண்டுகிற இத்தொடரில் சொல்லாட்டம் ஏதும் இல்லை. இருப்பவை இரண்டு நேர்ப்பொருள்களே. அந்தி என்றால் மாலை, சூடுவதும் மாலை. ‘மலர் கொடு, மானே’ (3) என்பது வேறு ஜாதி. காதலன் காதலியிடம் பூக் கேட்கிற பாவனை மேலே. கொடு என்பதற்குத் ‘தா’, மானுக்கு ‘மரை’, இரண்டையும் சேர்த்தால் ‘தாமரை’ என்னும் மலர் கீழே. ஈற்றிலுள்ள ஏகாரம் விளி என்று கொள்வது போல அசை என்றும் கொள்ளத் தமிழ் இடம் தருவதால், கடுமையான சிமெனஸ் நியமத்தையும் இது பெரிதும் மீறவில்லை என்று வாதாடலாம்.

தமிழுக்கே உரிய வேறொரு வித்தையும் உண்டு. ‘கால் போன வாரம், தவத்தின் பயன்’ (3) என்னும் குறிப்பில் ‘போன வாரம்’ என்ற அன்றாட வழக்கே கண்ணை முதலில் பற்றி இழுக்கும். அந்தப் பிடியை உதறிவிட்டு, ‘கால் போன’ என்று சேர்த்து வாசித்தால், நெடிலுக்கு நாம் இடும் துணைக்கால் நினைவுக்கு வரும். ‘வாரம்’ தன் காலை இழந்தால் ‘வரம்’. தவத்தின் பயன் அதுவே. ஒரு மொழியின் வரிவடிவமே விளையாட்டுக் களமாகும் இந்த அழகை வேறொரு மொழியின் உடைகொண்டு போர்த்திக் காட்ட இயலாது.

இக்குறிப்புகளைச் சுவைக்கும் தமிழ் வாசகருக்கு இவை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இருவகையாக்குகிறது. பிரிக்காமலே இருபொருள் தரும் ‘மாலை’ செம்மொழிச் சிலேடை; ‘செய்+உள்’ என்று பிரித்தால் வயலும் பிரிக்காவிட்டால் பாட்டும் ஆகிற ‘செய்யுள்’ பிரிமொழிச் சிலேடை. அதே நூல் கூறும் சித்திரகவி வகைகளில், ஒரு மாத்திரையைக் குறைத்தால் வேறு சொல்லாகும் மாத்திரைச் சுருக்கம் இருக்கிறது. ‘வாரம்’ ‘வரம்’ ஆனது அந்த வழியே. பல வினாக்களைக் கேட்டு, அவற்றின் விடைகளை இணைத்தால் ஒரு பெயர் அமையும்படி செய்யும் வினாவுத்தரம் இருக்கிறது; ‘தா’வும் ‘மரை’யும் கூடியது அந்த முறையே. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் மற்றொரு செய்யுள் மறைந்து கிடக்கும் கரந்துறை செய்யுளும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபத்து நான்கு கட்டங்களில் எழுதி நான்கு திசையிலும் வாசிக்கத் தகும் சருப்பதோபத்திரம் இருக்கிறது. குறுக்கெழுத்தை நாமே கண்டுபிடித்தோம் என்று இதனால் பெருமை பேசலாகாது. இங்கிலாந்தில் செழித்த கலைக்கு வேண்டிய சகல சாமக்கிரியைகளும் நம் வீட்டுப் பரணில் பல நூற்றாண்டுகளாகத் தயாராக இருந்தன என்று சொன்னால் போதும்.

குறிப்பைப் போலவே கட்டமும் ஒரு சிருஷ்டி. ஆங்கிலப் புதிராசிரியருக்கு எழுத்துகள் இருபத்தாறு. எந்த எழுத்தும் சொல்லின் எந்த இடத்திலும் வரக்கூடும். தமிழிலோ எழுத்துகள் 247. அவற்றுக்கு இலக்கணம் விதித்த இடங்களும் உண்டு. அளபெடையை விலக்கிப் பார்த்தால், உயிரெழுத்து சொல்லின் முதலில் மாத்திரமே நிற்கும். ஆகவே ஒரு கட்டத்தில் உயிர் வந்தால், அது இடமிருந்து வலம் செல்லும் சொல்லுக்கும் மேலிருந்து கீழ் இறங்கும் சொல்லுக்கும் ஒருங்கே தலையாக அமைதல் வேண்டும். மெய்யெழுத்தோ சொல்லுக்கு முதலாகாது. மகர மெய்யில் முடியும் சொற்கள் மலிந்த நம் மொழியில், அந்த ‘ம்’மைக் கடந்து செல்லும் மற்றொரு சொல்லைத் தேடுவது பெரும் பிரயாசை. நம் பத்திரிகைகளில் வரும் குறுக்கெழுத்துகள் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்ற இரண்டு திசைகளையும் சேர்த்துக்கொண்டு நான்கு திசையில் ஓடுவதைக் கண்டு சிலர் அதை ஒழுங்கீனம் என்று எண்ணக்கூடும். அவர்கள் கட்டத்தின் இடது மேல்மூலையைக் கவனிக்கட்டும். வலமிருந்து இடமாக ‘பாடம்’, கீழிருந்து மேலாக ‘வரம்’ என்று வந்தால், எந்தச் சொல்லும் தொடங்க முடியாத ‘ம்’ அந்த மூலையில் இரண்டு சொற்களையும் நிம்மதியாக முடித்து வைக்கிறது. மொழியின் இயல்புக்குக் கட்டம் வளைந்து கொடுத்த நயம் அது.

இனி, இக்கலையில் ஈடுபடுவோர் கைக்கொள்ளத்தக்க உபகரணங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கிலப் புதிராசிரியர்களுக்குச் சேம்பர்ஸ் அகராதி வேதம் போன்றது. அரிய சொற்களின் சுரங்கம் என்று அதைப் போற்றுகிறார்கள். நமக்கு அந்த ஸ்தானத்தில் முதலில் நிற்பவை நிகண்டுகள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் திரட்டித் தருவதோடு, அச்சொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தைக்கொண்டு அடுக்கியிருக்கிறது. இரண்டாம் எழுத்து மாத்திரம் தெரிந்து முதலெழுத்துத் தெரியாமல் திகைக்கும் குறுக்கெழுத்து அபிமானிக்கென்றே செய்தாற்போன்ற ஏற்பாடு இது! 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக நிற்பது. அதன் பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பொருள்களையும், பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், தொடையகராதியில் எதுகையால் இணையும் சொற்களையும் காணலாம். குறிப்பு எழுதுகிறவருக்கு இதைவிடச் சிறந்த தோழன் வேண்டுமா?

இப்பழைய நூல்களும், 1924 முதல் 1939 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இன்று இணையத்தில் யாவர்க்கும் எட்டும் பொருளாகிவிட்டன. நிகண்டுகளையும் அகராதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் புரட்டலாம். லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில், தலைச்சொல்லைக்கொண்டு மாத்திரமன்றிப் பொருளைக்கொண்டும் தேடலாம். மான் என்னும் பொருளுடைய சொற்கள் எவையெவை என்று கேட்டால் வரிசையாக வந்து நிற்கும். தன்னார்வலர்கள் 1998 முதல் வளர்த்துவரும் மதுரைத் திட்டத்தின் இலக்கியத் தொகுப்பில், ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் எப்பொருளில் ஆளப்பட்டது என்றும் பார்த்துக்கொள்ளலாம். அலமாரி நிறைய நூல்களை விலை கொடுத்து வாங்க வசதியற்ற ஓர் இளைஞன், இருந்த இடத்திலிருந்தே ஒரு சொல்லின் சகல சரித்திரத்தையும் ஆராய முடிகிற இந்தப் பாக்கியத்தை எவ்வளவு கொண்டாடினாலும் தகும்.

எழுத்துகளைக் கலைத்துக் கோக்கும் பொறிகளைக் கையாளும்போது மாத்திரம் ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்தவேண்டும். ‘கவிதை’ நமக்கு மூன்றெழுத்து. கணினியோ அதைக் ககரம், வகரம், இகரக்குறி, தகரம், ஐகாரக்குறி என ஐந்தாகச் சேமித்து வைக்கிறது. ஆங்கிலத்துக்கென்று செய்த கருவியிடம் தமிழைக் கொடுத்தால், உயிர்க்குறிகள் தம் மெய்களை விட்டு உதிர்ந்து, உருத்தெரியாத கோலங்களே திரும்பி வரும். உயிர்மெய்யைப் பிளவாத ஓர் எழுத்தாக மதிக்கும்படி அமைத்த கருவியே நமக்கு உதவும். தொல்காப்பியம் தொட்டு நாம் எழுத்து என்று கொண்டதை அது முதலில் கற்றுக்கொள்ளவேண்டும்.

கருவிகளைப் போற்றும் நானே அவற்றுக்கு ஓர் எல்லையையும் சொல்ல விரும்புகிறேன். தெரிந்த எழுத்துகளை இட்டுப் பொருந்தும் சொற்களைப் பொறியிடம் கேட்டு வாங்கிக் கட்டத்தை நிரப்புகிறவர், விடையை அடைகிறார், குறிப்பை அடைவதில்லை. முதலில் குறிப்போடு தனித்திருந்து அதன் பொய்த்தோற்றத்தைக் கலைக்க முயல்வது, பிறகு ஊகித்த சொல்லை அகராதியில் பார்த்து நிச்சயம் செய்துகொள்வது, வேறு வழியே இல்லாதபோது பொறியை நாடுவது என்ற இந்த வரிசையே ரசிகனுக்கு உகந்தது. புதிராசிரியருக்கும் இதேபோல் ஒரு கட்டுப்பாடு உண்டு. லெக்சிகனில் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன என்பதற்காக, எவரும் கேட்டறியாத சொல்லை விடையாக்கி வாசகரைத் திணறடிப்பது புலமையைக் காட்டலாம், கலையைக் காட்டாது. கவிதை, மாலை, தாமரை, வரம் போன்ற, குழந்தையும் அறிந்த சொற்களை அறிய முடியாத வேஷத்தில் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் உயர்ந்த சாதுரியம் இருக்கிறது.

நல்ல குறிப்பு எது என்று இளம் ரசிகர் எவரேனும் கேட்டால், நான் சொல்லும் சோதனை ஒன்றே. விடை கிடைத்து, அதைக் கட்டத்தில் எழுதியும் ஆயிற்று. அதன்பிறகும் அந்தக் குறிப்பை மறுபடி ஒருமுறை, அவசரமில்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி வாசிக்கத் தோன்றுகிறதா? தோன்றினால், அதை எழுதியவர் புதிர் மாத்திரம் செய்யவில்லை. நம் மொழிக்குச் சிறியதோர் ஆபரணமும் செய்து தந்திருக்கிறார். அப்படிப்பட்ட குறிப்புகள் நாள்தோறும் தமிழில் பிறக்கவேண்டும். அவற்றுக்கு நம் பத்திரிகைகள் நாள்தோறும் இடம் தரவேண்டும்.